கையால் வரைந்த ஆயில் ஓவியம் என்று நம்பி ஏமாந்தேன்

பார்சல் வந்து மூன்று நாள் ஆகிறது. இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. அரை மாதச் சம்பளம் போய்விட்டது.

அப்பா போன பிறகு எங்களிடம் மிஞ்சியது தெளிவான ஒரே ஒரு புகைப்படம். அதை அனுப்பி, படம் பார்த்து ஓவியம் வரைந்து தரும் ஓர் இணையதளத்தில் கேட்டேன். வாட்டர்கலர், சார்கோல், அக்ரிலிக், ஆயில் என நான்கு வகை வைத்திருந்தார்கள். எதை எடுப்பது என்று குழம்பினேன்.

சாட்டில் வந்தவர், “அப்பா நெத்தியில சுருக்கம் நல்ல ஆழம். வாட்டர்கலர்ல அது கரைஞ்சு போயிடும். ஆயில்ல அடுக்கடுக்கா ஏத்தினாதான் அந்தக் களை வரும். காதோரம் இருக்கிற மச்சத்தைக்கூட விடமாட்டோம்” என்றார். மச்சத்தைப் பற்றி நான் சொல்லவே இல்லை. அவராகக் கவனித்துச் சொன்னதும் மனசு இளகிவிட்டது. பாதிப் பணம் முன்னால் கட்டினால் போதும் என்று இருந்தும், முழுவதையும் அப்போதே கட்டினேன். (வாட்டர்கலரிலும் சுருக்கத்தை அருமையாகக் கொண்டுவருபவர்கள் இருக்கிறார்கள். அதுவும் பிறகுதான் தெரிந்தது.)

ஆறாம் நாளே வந்துவிட்டது. ஆயில் வண்ணம் காற்றுப்பட்டு மெதுவாக இறுகுவது. அடுக்கடுக்காக ஏற்றினால், கையில் ஒட்டாத அளவுக்குக் காயவே வாரக்கணக்கில் ஆகும். இதில் எண்ணெய் வாடையே இல்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் கன்னம் முழுக்கப் பொடிப்பொடியாக நிறப் புள்ளிகள். கான்வாஸில் பிரிண்ட் போட்டு, மேலே நிறமில்லாத ஜெல்லைத் தூரிகையால் இழுத்திருக்கிறார்கள். அந்தத் தடம் கண், மூக்கு என்று பார்க்காமல் குறுக்கே ஓடுகிறது. நெற்றி மொழுமொழுவென்று இருக்கிறது. மச்சம் இல்லை. அம்மா பார்த்துவிட்டு, “இது யாரு?” என்று கேட்டார்.

புகார் செய்தேன். முதல் பதில், திரையில் தெரியும் நிறம் கொஞ்சம் மாறத்தான் செய்யுமாம். நான் நிறத்தைப் பற்றிப் பேசவே இல்லை! அடுத்த பதில், ஆர்டரின் பேரில் செய்ததற்குப் பணம் திரும்பாதாம். புள்ளிகளைப் படம் எடுத்து அனுப்பியதும், “ஸ்டைலைத் தேர்ந்தெடுத்தது நீங்கதானே?” என்றார்கள். அதன்பின் பேச்சே இல்லை. அரை மாதச் சம்பளத்துக்கு மூன்று வரிப் பதில்.

எந்த வகை ஓவியம் யாருக்குப் பொருந்தும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது முடியவில்லை. ஒரு வாரத்தில் ஆயில் என்றால் நம்பாதீர்கள். அவசரம் என்றால் அக்ரிலிக் கேளுங்கள், சீக்கிரம் காயும். பாதி வரைந்த நிலையில் படம் கேளுங்கள், வண்ணத்துக்கு அடியில் முதலில் போட்ட கோட்டு வரைவும் அதில் தெரிய வேண்டும். முழுப் பணத்தை முதலில் கட்டாதீர்கள்.