மணிச்சத்துப் பஞ்சம்: வேரை மாற்றுவதா, உரத்தை மாற்றுவதா?

டிஏபி உர மூட்டையைப் பிரித்து வயலில் போட்டால், அதிலுள்ள மணிச்சத்து (பாஸ்பரஸ்) முழுவதும் பயிருக்குப் போய்ச் சேர்வதில்லை. பெரும்பகுதியை மண்ணிலுள்ள இரும்பும் அலுமினியமும் கால்சியமும் பிடித்து வைத்துக்கொள்கின்றன. இந்தச் சிக்கலுக்கு 2012-ஆம் ஆண்டில் மரபணு வழியில் இரண்டு விடைகள் வெளியாயின. இரண்டும் நேரெதிர்த் திசையில் போகின்றன.

முதல் விடை ஒரு பழைய நெல்லிலிருந்து வந்தது. காசலாத் என்ற இந்திய நெல் மணிச்சத்து குறைந்த மண்ணிலும் தாக்குப்பிடிக்கும். அந்தக் குணம் அதன் 12-ஆவது குரோமோசோமில் இருப்பதை மத்தியாஸ் விசுவாவும் உடன் ஆய்வாளர்களும் 1998-லேயே கண்டிருந்தார்கள். அந்த இடத்தில் இருக்கும் பிஸ்டால்-1 என்ற மரபணுவைப் பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் சிக்ரிட் ஹாயர் குழு அடையாளம் காட்டியது. நாற்றுப் பருவத்திலேயே வேரை அதிகம் விடச் செய்வதுதான் இதன் வேலை. வேர் பரவினால் எட்டும் மண்ணும் கூடும், அவ்வளவுதான். இந்த மரபணுவைக் கூடுதலாக இயங்க வைத்த நெல்லில், மிகவும் வளம் குறைந்த மண் நிரப்பிய தொட்டிகளில் விளைச்சல் 60 சதவீதத்துக்கு மேல் கூடியது. வயலில் அந்த அளவுக்கு எதிர்பார்க்கக் கூடாது.

ஐஆர்64 போன்ற நவீன ரகங்களில் இந்த மரபணுவே இல்லை என்பதுதான் என் மனதை உறுத்துவது. உரம் போட்ட வயல்களிலேயே ரகங்களைத் தேர்ந்தெடுத்தால், பசி தாங்கும் குணம் தொலைந்துபோனது யார் கண்ணிலும் படாது.

இரண்டாவது விடை மெக்சிகோவில் லூயிஸ் எர்ரெரா எஸ்த்ரெல்லா குழுவினுடையது. இவர்கள் உரத்தையே மாற்றினார்கள். வழக்கமான உரங்களில் மணிச்சத்து இருக்கும் வடிவமான பாஸ்பேட்டுக்குப் பதில், அதன் இன்னொரு வடிவமான பாஸ்பைட். செடிகள் பாஸ்பைட்டை உறிஞ்சும், ஆனால் செரிக்கத் தெரியாது. அதைப் பாஸ்பேட்டாக மாற்றும் பிடிஎக்ஸ்டி என்ற பாக்டீரிய மரபணுவைச் செடிக்குள் வைத்தால் பயிர் சாப்பிடும், களை பட்டினி கிடக்கும். பசுமைக்குடில் சோதனையில் 30 முதல் 50 சதவீதம் குறைவான மணிச்சத்திலேயே அதே அளவு வளர்ச்சி கிடைத்தது. அப்புறம் 2018-ல் பருத்தியிலும் இந்த வழி களையை அடக்குவதைக் காட்டினார்கள். களைக்கொல்லிக்கு அசையாத களைகளோடு போராடும் பெரிய பருத்திப் பண்ணைக்கு இது உண்மையிலேயே நல்ல ஆயுதம்.

சரி, மானாவாரி மேட்டு நிலத்தில் கையில் காசில்லாமல் நெல் போடுகிறவருக்கு? சந்தேகமில்லாமல் காசலாத் வழிதான். மரபணு மாற்றம்கூடத் தேவையில்லை. அந்த மரபணு இருப்பதைக் காட்டும் அடையாளக் குறியை (மார்க்கர்) பார்த்துச் சாதாரண இனக்கலப்பிலேயே கொண்டுவரலாம். இந்தோனேசிய மேட்டுநில ரகங்களில் அப்படித்தான் சேர்த்தார்கள். விளைந்ததிலிருந்தே அடுத்த போகத்துக்கு விதை எடுத்து வைக்கலாம். பிடிஎக்ஸ்டி பயிர் போட்டவரோ, களையை அடக்கும் பலன் வேண்டுமென்றால் ஒவ்வொரு போகமும் பாஸ்பைட் வாங்கியாக வேண்டும்.

ஆனால் காசலாத் வேர் மணிச்சத்தை உண்டாக்குவதில்லை, மண்ணில் கிடப்பதைத் தேடி எடுக்கிறது. ஒவ்வொரு அறுவடையிலும் நெல்மணியோடு கொஞ்சம் வயலை விட்டுப் போகிறது. அதனால் தொழுவுரமோ கொஞ்சம் சூப்பர் பாஸ்பேட்டோ திரும்பப் போடத்தான் வேண்டும் என்பதை விதை கொடுக்கும்போதே விவசாயியிடம் சொல்லிவிட வேண்டும்.