கணுக்காலில் பிளேட்டோடு பதினாறு மாதம்: வாங்கிய சாமான்களில் எது உழைத்தது, எது பரணுக்குப் போனது

நான் குலசேகரம் பக்கம் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவள். பிளவுஸ், சுடிதார், பள்ளி யூனிஃபார்ம். அளவு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கம் என் வலது கணுக்காலுக்கு ஒதுக்கியது. அந்தப் பக்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

2024 ஜூன், விடாத மழை. பின்பக்கக் கல்படியில் பாசி. எங்கள் பகுதியில் மழைக்காலத்தில் கல் என்றால் பாசி இருக்கும், அது தெரியாமல் இல்லை. கையில் துணிக்கூடை இருந்தது, காலை எங்கே வைக்கிறேன் என்று பார்க்கவில்லை. விழுந்த பிறகு பாதம் இருந்த திசையைப் பார்த்ததுமே சுளுக்கு இல்லை என்று புரிந்துவிட்டது. எக்ஸ்ரேயில் கணுக்காலின் இரண்டு பக்கமும் புடைத்து நிற்கும் எலும்பு, நாங்கள் மொளி என்போம், இரண்டுமே முறிந்திருந்தது. பள்ளிக்கூடம் திறக்கிற மாதம், முப்பது செட் யூனிஃபார்ம் வெட்டி வைத்தபடி கிடந்தது.

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் ஆபரேஷன். ஆனால் உடனே செய்யவில்லை. மாவுக்கட்டு வைத்து, காலைத் தூக்கிப் போட்டு ஏழு நாள் படுக்க வைத்தார்கள். என் மைனி வார்டில் தினமும் சண்டைக்கு நின்றாள். டாக்டர் நிதானமாகச் சொன்னார்: “வீக்கம் வடிஞ்சு தோலில் சுருக்கம் விழணும். உப்பிப்போன தோலில் கத்தி வைத்தால் தையல் சேராது.” துணி விஷயத்தில் எனக்குப் புரிகிற நியாயம்தான் அது. இழுத்துப் பிடித்த துணியில் போட்ட தையல் எப்படியும் பிரியும். எட்டாவது நாள் முதுகில் ஊசி போட்டு, வெளிப்பக்க எலும்பில் ஒரு பிளேட்டும் ஏழு ஸ்க்ரூவும், உள்பக்கம் இரண்டு ஸ்க்ரூவும் வைத்தார்கள். இந்தக் கால் ஆறு வாரம் தரையில் படக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

இனி சாமான்கள்.

முதலில் வாக்கர். டிஸ்சார்ஜ் அன்றே வீட்டுக்காரர் மார்த்தாண்டத்தில் 1,400 ரூபாய்க்கு வாங்கி வந்தார். அலுமினியம், மடக்கலாம், நல்ல சாமான். வீட்டுக்கு வந்து பார்த்தால் பாத்ரூம் கதவு 22 இஞ்ச், வாக்கர் 24 இஞ்ச். இருபத்துநாலு மணி நேரமும் கழுத்தில் இஞ்ச் டேப் தொங்குகிற ஒருத்தி வீட்டில் இந்தக் கதை. கதவு வரைக்கும் வாக்கர், அங்கே குறுக்கே போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, காலை நீட்டியபடியே உடம்பைத் திருப்பி, உள்ளே சுவரில் அடித்த ஸ்டீல் கம்பியைப் பிடித்து எழும்புவது என்று ஒரு வித்தை பழகினேன். அந்தக் கம்பிக்கு ஆள்கூலியோடு 700 ரூபாய் ஆனது. மொத்தச் செலவில் இதற்கு இணையான ஒன்று இல்லை. இன்றைக்கும் பிடித்துத்தான் எழும்புகிறேன், மாமியாரும் பிடிக்கிறார்.

கழிப்பறை விஷயத்தை யாரும் எழுதுவதில்லை, நான் எழுதிவிடுகிறேன். எங்கள் வீட்டில் தரையோடு உள்ள பழைய மாடல். நடுவில் ஓட்டை போட்ட நாற்காலி ஒன்று வாங்கி அதன் மேல் வைத்தோம். முதல் மாதத்தோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். பதினாறு மாதம் ஆகியும் குதிகாலை ஊன்றி முழுசாகக் குத்தவைக்க எனக்கு முடியவில்லை. நாற்காலி அங்கேயே இருக்கிறது. வாங்குகிறவர்கள் கால் நான்கிலும் ரப்பர் இறுக்கமாக இருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்து வாங்குங்கள்.

மூன்றாவது வாரம் அக்குளில் வைக்கும் ஊன்றுகட்டைக்கு மாறினேன். இதில் நான் செய்த தவறு, உடம்பின் கனத்தை அக்குளில் போட்டுத் தொங்கியது. இரண்டு நாளில் கைவிரல்கள் மரத்துப்போயின. பிசியோதெரபிஸ்ட் பார்த்துவிட்டுத் திட்டினார். கட்டைக்கும் அக்குளுக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல் போகணும், முழங்கை லேசாக மடங்கியிருக்கணும், கனம் முழுக்க உள்ளங்கையில். படிக்கு அவர் சொல்லித் தந்தது: ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது கட்டையும் நோவுக் காலும் முன்னே. திண்ணையின் மூன்று படியில் அதை முணுமுணுத்துக்கொண்டே ஏறி இறங்கினேன். கட்டையின் அடியில் இருக்கும் ரப்பர் புஷ் தேய்ந்தால் நனைந்த டைல்ஸில் சோப்பு மாதிரி வழுக்கும். ஒரு ஜோடி கூடுதலாக வாங்கி வையுங்கள், விலையும் அதிகமில்லை.

நடுவில் ஒரு பயம். நாலாவது வாரம் கெண்டைக்கால் இறுகி வலித்தது. அசையாமல் கிடக்கும் காலில் ரத்தம் உறையலாம், அது நெஞ்சுக்குப் போனால் ஆபத்து என்று டிஸ்சார்ஜ் சமயத்தில் சொல்லியிருந்தார்கள். அன்றே ஆட்டோ பிடித்துப் போய், காலில் ரத்த ஓட்டம் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தோம். ஒன்றுமில்லை. ஆட்டோ காசு வீண் என்று மாமியார் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மூச்சுத் திணறலும் சேர்ந்து வந்தால் மறுநாள் காலை வரை காத்திருக்கவே கூடாது.

எண்ணெய்க்கும் வருகிறேன். கன்னியாகுமரி மாவட்டத்தில் எலும்பு முறிந்தவர் வீட்டுக்கு வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு ஒரு வர்ம ஆசானைத் தெரிந்திருக்கும். “ஆசான் கையால ரெண்டு தடவு தடவினா எழும்பி நடப்பே மக்களே, இந்த இரும்பு எதுக்கு?” என்று கேட்ட பெரியம்மையிடம் வாக்குவாதம் செய்யவில்லை. உள்ளே பிளேட் இருக்கும் மூட்டைப் பிடித்துத் திருப்ப யாரையும் விடவும் இல்லை. தையல் பிரித்துக் காயம் நன்றாக ஆறிய பிறகு, டாக்டரிடம் கேட்டுவிட்டு, தொடைக்கும் கெண்டைக்கும் முறிவெண்ணெய் தேய்த்தேன். எலும்பு அதனால் கூடியது என்று சொல்ல மாட்டேன். ராத்திரி தூக்கம் வந்தது, அது நிச்சயம்.

ஆறாவது வாரம் எக்ஸ்ரே பார்த்து, மாவுக்கட்டை எடுத்துவிட்டு நடைபூட்ஸ் போடச் சொன்னார்கள். முழங்காலுக்குக் கீழே வரைக்கும் வரும், நாலைந்து வெல்க்ரோ பட்டை உள்ள பெரிய பூட்ஸ். ஆன்லைனில் 3,200 ரூபாய். முதலில் வந்தது அளவு தப்பு, திருப்பி அனுப்பி மாற்றுவதற்கு ஒன்பது நாள் போனது. முடிந்தால் கடையில் காலை வைத்துப் பார்த்தே வாங்குங்கள். பூட்ஸ் தன் வேலையைச் செய்தது, குறை சொல்ல முடியாது. ஆனால் எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் உள்துணி மத்தியானத்துக்குள் நனைந்து நாறும். மாற்று உள்துணி ஒன்று இல்லாமல் ஓட்ட முடியாது. அடிப்பாகம் தடிமன் என்பதால் வலது பக்கம் உயர்ந்து இடுப்பு வலித்தது. இடது காலுக்குக் கனத்த செருப்பு போட்ட பிறகு சரியானது. இன்னொன்று தையல்காரிகளுக்கு மட்டும்: வெல்க்ரோவில் வெட்டுத்துணி நூல் எல்லாம் போய் ஒட்டும். ராத்திரி குண்டூசியால் அதைக் கிண்டி எடுப்பது தனி வேலை. ஐந்து வாரம் போட்டேன். இப்போது பரணில்.

பூட்ஸோடு எடை பார்க்கும் மெஷினும் தேவைப்பட்டது. முதலில் பத்துக் கிலோ, அடுத்து இருபது என்று கனத்தைக் கூட்டச் சொன்னார்கள். பத்துக் கிலோ என்றால் கால் எவ்வளவு அழுத்தணும் என்று யாருக்குத் தெரியும்? மெஷினில் வலது காலை வைத்து, முள் பத்தில் நிற்கும் வரை அழுத்தி, அந்த அழுத்தத்தை மனசில் வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். முதல் தடவை நான் மெதுவாக என்று நினைத்து வைத்த காலில் முள் இருபத்தாறைக் காட்டியது. பக்கத்து வீட்டில் இரவல் கிடைத்ததால் எனக்குச் செலவில்லை.

ரப்பர் பட்டை வைத்துச் செய்யும் பயிற்சி ஒன்று உண்டு. கடையில் அந்தப் பட்டைக்கு 600 ரூபாய் கேட்டார்கள். வாசலைத் திறந்தால் ரப்பர் தோட்டம், இதற்கு அறுநூறா? பழைய சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டிலின் காலில் கட்டினேன், போதுமானதாக இருந்தது.

பெருவிரலால் காற்றில் எழுதச் சொன்னார்கள். அ முதல் ஃ வரை. அ, ஆ வரை பரவாயில்லை. இ வளைகிற இடத்தில் கணுக்கால் பூட்டு போட்ட மாதிரி நின்றுவிடும். ஃ மூன்று புள்ளி என்பதால் அதை மட்டும் முதல் நாளே சுத்தமாக எழுதினேன்.

இனி எனக்கு உண்மையாகவே கால் தந்தது. அது கடையில் வாங்கியது இல்லை.

அம்மையின் பழைய கால்மிதி மெஷின். நான் மோட்டார் மெஷினுக்கு மாறிய பிறகு மூலையில் துணி போட்டு மூடிக் கிடந்தது. ஐந்தாவது வாரமே நான் வலது காலை ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு, மோட்டார் மிதியை இடது காலால் அமுக்கித் தைக்கப் பார்த்தேன். இடது காலுக்குப் பழக்கமில்லை. மெல்லத் தொட்டால் நகராது, கொஞ்சம் கூடினால் மெஷின் பாய்ந்து காலர் கோணலாகும். இரண்டு சட்டையைப் பிரித்த பிறகு யூனிஃபார்ம் முழுவதையும் பக்கத்து ஊர் அக்காவிடம் கொடுத்துவிட்டேன். பூட்ஸ் போட்ட வாரத்தில் ஒரு நாள் சும்மா பழைய மெஷினில் உட்கார்ந்தபோதுதான் தோன்றியது: இந்த மிதி என்ன செய்கிறது? முன்பாதம் அமுங்கும், பிறகு குதிகால் அமுங்கும். பிசியோதெரபிஸ்ட் என் காலைக் கையில் பிடித்துச் செய்வதும் அதேதான்.

கேட்டுவிட்டே ஆரம்பித்தேன். உட்கார்ந்து, கனம் போடாமல், பூட்ஸைக் கழற்றிவிட்டுச் செய்யலாம் என்றார். பெல்ட்டைக் கழற்றினேன், அப்போது சக்கரம் மட்டும் சுற்றும், ஊசி அசையாது. இரண்டு பாதமும் இரும்பு மிதியில். ஆரம்பத்தில் இடது கால்தான் வேலை செய்தது, வலது கால் பஸ்ஸில் டிக்கெட் எடுக்காமல் ஏறியவள் மாதிரி கூடவே போய்வந்தது. காலையில் பத்து நிமிடம், சாயங்காலம் பத்து. மூன்றாவது வாரத்தில் ஒரு மாற்றம்: சக்கரம் திரும்பும் இடத்தில் வலது குதிகாலும் கொஞ்சம் தள்ளுகிறது. அது எனக்கு மட்டும் தெரிகிற விஷயம், வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் இல்லை. நாலாம் மாதம் பெல்ட்டை மாட்டித் தலையணை உறை தைத்தேன். இப்போதும் நேர்த்தையல் எல்லாம் அதில்தான்.

நோட்டில் உள்ளதைச் சொல்கிறேன். சுவர் முன்னே நின்று, குதிகால் எழும்பாமல் முழங்காலைச் சுவரில் தொட வேண்டும். அப்போது பெருவிரலுக்கும் சுவருக்கும் நடுவில் எவ்வளவு இடம் என்பது கணக்கு. இடது கால் 11 சென்டிமீட்டர். வலது, பூட்ஸ் கழற்றிய பிறகு மூன்றாம் மாதம் 2, ஆறாம் மாதம் 5, ஒரு வருடத்தில் ஏழரை, இப்போது 8. கடைசி நாலு மாதத்தில் வெறும் அரை சென்டிமீட்டர்தான். மொளிக்கு மேலே சுற்றளவு இடது 9 இஞ்ச். வலது இப்போது காலையில் ஒன்பதேகால், மெஷினை விட்டு எழும்பும்போது ஒன்பதே முக்கால். வீக்கம் ஒரு வருடம் வரை இருக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள், என் கால் அதையும் தாண்டிவிட்டது. கிரேப் பேண்டேஜ் நாலைந்து துவைப்பில் தொய்ந்துவிடும், அதை விட்டுவிட்டு இறுக்கமான சாக்ஸ் போடுகிறேன்.

வெளிப்பக்கம் தோல் மெலிசு என்பதால் பிளேட்டைத் தடவினால் தெரியும். வார் வைத்த செருப்பு அங்கே உரசும். பாதத்தின் மேல்புறம் ஒரு தீப்பெட்டி அளவு இடம் இன்னும் மரத்தே கிடக்கிறது. தொந்தரவு செய்தால் மட்டும் பிளேட்டை எடுக்கலாம் என்றார்கள். இன்னொரு தடவை கத்தியா என்று யோசித்து, வாரில்லாத செருப்புக்கு மாறிவிட்டேன்.

பதினோராம் மாதம் சொத்தவிளைக் கடற்கரையில் நடந்து பார்த்தேன். ஈர மணலில் சரி, உலர்ந்த மணலில் பத்தடிக்கு மேல் முடியவில்லை. போன மாதம் மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குப் போனோம். 115 அடி உயரப் பாலம், கீழே இருந்து படியேறினால் நல்ல கால்காரருக்கே மூச்சு வாங்கும். ஏற்றம் சுகமாக இருந்தது. இறக்கத்தில்தான் கணுக்கால் மடங்க மறுக்கிறது, ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து இறங்கினேன். பின்னால் வந்த பிள்ளைகள் “பைய வாங்க அத்தை” என்று ஒதுங்கி நின்றார்கள்.

வாக்கர் இப்போது எங்கள் வீட்டில் இல்லை. எனக்குப் பிறகு இரண்டு வீடு போய்விட்டது. நேற்று மைனி போன் செய்தாள். அவள் சம்பந்தி ரப்பர் வெட்டப் போன இடத்தில் விழுந்து காலில் கட்டு போட்டிருக்கிறார்களாம், வாக்கர் கிடைக்குமா என்று.

“தரலாம் மைனி. அவங்க பாத்ரூம் கதவு எத்தனை இஞ்ச்னு அளந்து சொல்லச் சொல்லுங்க.”