டாப்பெட்டா, நாசிலா, மேனிஃபோல்டா: பழைய டீசல் ஜீப்பின் ‘டிக் டிக்’ ஓசை

ஏற்காடு மலையில் நாகலூர்ப் பக்கத்துக் காபித் தோட்டத்திலிருந்து சேலத்துக்கு மூட்டை இறக்குவதற்காக நான் ஓட்டிவரும் மஹிந்திரா ஜீப்பில் இருப்பது 2523 சி.சி. டி.ஐ. (டைரக்ட் இன்ஜெக்‌ஷன்) எஞ்சின். இருபது ஆண்டுகளைக் கடந்த அந்த எஞ்சினிலிருந்து ஒரு நாள் சீரான ‘டிக் டிக்’ ஓசை கிளம்பியபோது, மூன்று பேரிடம் காட்டினேன். மூன்று பேரும் மூன்று காரணம் சொன்னார்கள். சேலம் கோரிமேட்டில் ஒருவர், வால்வுகளைத் திறக்கும் அமைப்பான டாப்பெட் என்றார். செவ்வாய்ப்பேட்டையில் ஒருவர், சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் நாசில் என்றார். மூன்றாமவர் பானட்டைத் திறக்காமலேயே, எஞ்சினை இறக்கி முழு வேலை பார்த்துவிடலாம் என்றார். இந்த மூன்று தீர்ப்புகளுக்கும் ஆகும் செலவு ஏணிப்படி போல ஒன்றைவிட ஒன்று பல மடங்கு உயர்ந்தது என்பதால், எதை முதலில் நம்புவது என்ற கேள்வி வெறும் தொழில்நுட்பக் கேள்வியாக இருக்கவில்லை.

அனுபவம் உள்ளவர்களே இப்படி மாறுபடுவதற்கு நியாயமான காரணம் உண்டு. நான்கு வீச்சு எஞ்சினில் பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்றுச் சுற்றினால், வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்றுத்தான் சுற்றும். ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் எஞ்சின் மெதுவாக ஓடும் ஐடிலிங்கில் நிமிடத்துக்கு 800 சுற்று என்று வைத்துக்கொண்டால், ஒரு வால்வு நிமிடத்துக்கு 400 முறை, அதாவது நொடிக்கு ஆறேழு முறை திறந்து மூடும். அதே சிலிண்டரின் நாசிலும் நிமிடத்துக்கு அதே 400 முறைதான் டீசலைப் பீய்ச்சுகிறது. அதே சிலிண்டரின் புகையும் 400 முறைதான், அதை வெளியே கொண்டுபோகும் மேனிஃபோல்டு குழாய்க்குள் பாய்கிறது. ஆக, டாப்பெட் இடைவெளி கூடினாலும், நாசில் பழுதானாலும், மூவரும் சொல்லாத மேனிஃபோல்டு, அதன் இணைப்பை அடைக்கும் கேஸ்கெட் ஓரத்தில் கசிந்தாலும், காதுக்கு வந்து சேரும் தாளம் ஒன்றே. தாளத்தை எண்ணி நோயைக் கண்டுபிடிக்க முயல்பவர் ஏமாறுவார். ஏதேனும் ஒன்றை மாற்றிப் பார்த்து, அப்போது ஓசை மாறுகிறதா என்று கேட்பதுதான் வழி. டாப்பெட் ஓசை டீசல் எரிகிறதா இல்லையா என்பதைப் பொருட்படுத்தாது. நாசில் ஓசை டீசலை நிறுத்தினால் நின்றுவிடும். மேனிஃபோல்டு ஓசை பாரத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப ஏறி இறங்கும்.

அதற்கு முன், எது பழுது, எது இயல்பு என்பதையும் பிரித்துக்கொள்ள வேண்டும். டி.ஐ. எஞ்சினில் டீசல் நேராக பிஸ்டன் தலையிலுள்ள குழிக்குள் தெளிக்கப்பட்டு எரிவதால், அழுத்தம் சட்டென்று உயர்ந்து ‘டகடக’வென்ற கடுமையான ஓசை பிறக்கும். முன்னறையில் எரிய ஆரம்பித்துப் பிறகு சிலிண்டருக்குள் பரவும் பழைய பெஜோ வகை எஞ்சின்களை ஓட்டிப் பழகியவர்களுக்கு, நல்ல நிலையிலுள்ள டி.ஐ. எஞ்சினே நோயாளி போலத் தோன்றும். மார்கழி மாதத்தில் ஏற்காட்டின் விடியற்காலைக் குளிரில் எந்த டீசல் எஞ்சினும் கூடுதலாகத் தட்டும். குளிர்ந்த சிலிண்டரில் டீசல் பற்றிக்கொள்ளத் தாமதமாகி, சேர்ந்துபோனது மொத்தமாக எரிவதே காரணம். பத்து நிமிடத்தில் எஞ்சின் சூடானதும் அது அடங்கிவிட்டால் அதை நோய்க் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை.

டாப்பெட், நாசில், மேனிஃபோல்டு ஆகிய மூன்றில் முதலாவதாக டாப்பெட்டை எடுத்துக்கொள்கிறேன். வால்வு மூடியைத் திறந்தால், வால்வுகளை அழுத்தித் திறக்கும் எட்டு ராக்கர்களும் கண்ணெதிரே நிற்கும். பார்ப்பதற்கு ஆகும் செலவு ஒரு மூடி கேஸ்கெட் மட்டுமே. ராக்கரின் நுனிக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவே கைப்புத்தகம் சொல்லும் இடைவெளி இருக்க வேண்டும். இவ்வகை எஞ்சின்கள் பெரும்பாலானவற்றில் அது 0.2 முதல் 0.4 மில்லிமீட்டருக்குள் அமையும். எழுதும் தாள் இரண்டிலிருந்து நான்கு வரை அடுக்கிய தடிமன். எட்டு வால்வுகளையும் முன்னாலிருந்து எண்ணிக்கொண்டு, முதல் வால்வு முழுதாகத் திறந்து நிற்கும்போது எட்டாவதையும், மூன்றாவது திறந்திருக்கும்போது ஆறாவதையும், கூட்டுத்தொகை ஒன்பது வரும்படி சரிசெய்யும் பழைய கணக்கை நான்கு சிலிண்டர் வண்டிகளில் வேலை பார்ப்பவர்கள் நன்றாக அறிவார்கள்.

ஆனால் இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் சரியாக நுழைந்தும் ஓசை போகாத வண்டிகள் உண்டு, என்னுடையதும் அப்படித்தான். மூன்றாம் சிலிண்டரின் ராக்கரைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோது, வால்வுத் தண்டு தொடும் இடத்தில் பிறை வடிவில் ஒரு பள்ளம் தெரிந்தது. விரல் நகத்தை வைத்து இழுத்தால் அதன் விளிம்பில் நகம் தடுக்கியது. கேஜின் தகடு தட்டையானது. அது பள்ளத்துக்குள் இறங்காமல் இரு விளிம்புகளின் மேல் பாலம் போட்டதுபோல் நிற்கும். தகடு காட்டும் இடைவெளியோடு பள்ளத்தின் ஆழத்தையும் கூட்டினால்தான் உண்மையான இடைவெளி. அத்தகைய ராக்கரை எத்தனை முறை செட் செய்தாலும் பயனில்லை. நுனியைச் சாணை பிடித்துச் சமன்செய்ய வேண்டும், அல்லது ராக்கரையே மாற்ற வேண்டும். அதோடு, ராக்கர்களைக் கீழிருந்து தள்ளும் புஷ் ராட்களைக் கண்ணாடிப் பலகை மீது உருட்டி வளைவு இருக்கிறதா என்று பார்ப்பதும், ராக்கர் ஷாஃப்ட்டின் எண்ணெய்த் துளைகளில் கசடு அடைத்திருக்கிறதா என்று கம்பி விட்டுப் பார்ப்பதும் அதே மூடி திறந்திருக்கும்போதே முடிந்துவிடும் வேலைகள்.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் அதற்கு நான் விலை கொடுத்திருக்கிறேன். இதே ஜீப்பை முன்பொரு முறை சேலத்திலுள்ள ஒரு பட்டறையில் விட்டபோது, ஓசை அறவே போக வேண்டும் என்று நான் கேட்டதற்காக, டாப்பெட்களை இறுக்கி அமைதியாக்கிக் கொடுத்தார்கள். எஞ்சின் அருமையாக ஒலித்தது. அந்தப் பறிப்புப் பருவம் முடிவதற்குள் ஏற்றத்தில் இழுவை குறைந்து, ஐடிலிங்கில் எஞ்சின் நொண்ட ஆரம்பித்தது. சிலிண்டர்களின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால் புகையை வெளியேற்றும் ஒரு எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பு கருகி, ஒரு துண்டு கடித்தெடுத்ததுபோல் இருந்தது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டின் பெரும்பகுதியை, மூடியிருக்கும் நேரத்தில் தன் இருக்கையின் வழியாகத்தான் ஹெட்டுக்குக் கடத்துகிறது. இடைவெளி போதாமல், சூட்டில் தண்டு நீண்டு, வால்வு முழுதாக அமராமல் போனால் அந்தச் சூட்டுக்குப் போக்கிடம் இல்லை. சமவெளியில் அது சில காலம் தாங்கலாம். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, சேலத்தைவிட 1,200 மீட்டருக்கும் மேல் உயரமான ஏற்காட்டுக்கு இரண்டாவது கியரில் மூட்டையோடு ஏறும் வண்டிக்கு அந்தச் சலுகை கிடையாது. கோரிமேட்டு மெக்கானிக் அண்ணன் பிறகு சொன்னது இதுதான்: “தம்பி, டாப்பெட் லேசா சத்தம் போட்டா பயம் இல்லீங்க. சத்தமே இல்லாம இருந்தா அன்னிக்கு மூடியத் திறந்து பாருங்க.” ஆகவே டாப்பெட் வேலையில் அளவுக்குத்தான் செட் செய்ய வேண்டும், காதுக்கு அல்ல.

நாசில் பக்கம் வருவோம். நாசிலின் ஊசி ஒட்டிக்கொண்டாலோ, திறக்கும் அழுத்தம் குறைந்துபோனாலோ, டீசல் பனி போலத் தூவாமல் சொட்டாக விழுந்து, எரியும் நேரம் தவறி, உலோகத்தில் சுத்தியல் பட்டதுபோல் தட்டும். இதைக் கண்டறிய மெக்கானிக்குகள் ஐடிலிங்கில் நாசிலைத் தாங்கும் இன்ஜெக்டர் ஒவ்வொன்றுக்கும் வரும் குழாயின் நட்டாகச் சற்றே தளர்த்திப் பார்ப்பார்கள். எந்தச் சிலிண்டரில் தளர்த்தும்போது தட்டல் நிற்கிறதோ அங்கே நாசிலைச் சந்தேகிக்கலாம். எஞ்சின் நொண்டியும் ஓசை அப்படியே தொடர்ந்தால் டாப்பெட் பக்கம் திரும்பலாம். தளர்த்தும் இடத்தில் துணியைச் சுற்றிக்கொள்ள வேண்டும், கையையும் கண்ணையும் காக்க வேண்டும். உயர் அழுத்த டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகக்கூடியது, அப்படிப் போனால் அது உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய காயம். இந்தச் சோதனை பழைய மெக்கானிக்கல் பம்பு வண்டிகளுக்கு மட்டுமே பொருந்தும். எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும், 1,000 பாருக்கும் மேல் அழுத்தம் ஏறக்கூடிய காமன் ரெயில் வண்டிகளில் எஞ்சின் ஓடும்போது அந்த நட்டில் கையே வைக்கக் கூடாது.

நட்டைத் தொடாமலேயே டாப்பெட்டையும் நாசிலையும் பிரித்துக் காட்டும் ஒரு வழியை ஏற்காடு மலைப்பாதையே தருகிறது. இறக்கத்தில் இரண்டாவது கியரில், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை முழுதாக எடுத்துவிட்டால், ஐடிலிங் வேகத்துக்கு மேல் சுழலும் எஞ்சினுக்கு பம்பில் டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் கவர்னர் டீசலை நிறுத்திவிடும். சக்கரங்கள்தாம் எஞ்சினைச் சுழற்றுகின்றன, எரிவது ஏதுமில்லை. அப்போது நாசிலின் தட்டல் முற்றிலும் மறைய வேண்டும். டாப்பெட் ஓசை மட்டும் தொடரும். மலையை வெட்டிய பாறைச்சுவர் ஓட்டுநர் பக்கம் வரும் இடங்களில் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்டால், சுவரில் பட்டுத் திரும்பும் ஓசை பட்டறையில் கேட்பதைவிடத் தெளிவாக இருக்கும். என் வண்டியில் ஓசை தொடர்ந்தது. ராக்கரைக் கழற்றும் துணிவு எனக்கு அங்கேதான் வந்தது. டீசலை மிச்சப்படுத்துவதாக நினைத்து எஞ்சினை நிறுத்திவிட்டு உருட்டிக்கொண்டு இறங்குபவர்களை இன்னமும் அந்தச் சாலையில் பார்க்கிறேன். வேக்குவம் பம்பு நின்றுவிட்டால் சில மிதிகளுக்குள் பிரேக்குக்கு உதவி கிடைக்காது. இந்தச் சோதனை கியரில் இருக்கும் ஓடுகிற எஞ்சினுக்கு உரியது மட்டுமே.

நாசில் வேலை டாப்பெட்டைவிடச் செலவு கூடியது, ஆனால் அரைகுறையாகச் செய்யப்படுவதும் அதுவே. டெஸ்டரில் போட்டு அழுத்தமும் தெளிப்பும் பார்த்து, சொட்டாத நாசிலைத் திரும்ப மாட்டும்போது அடியிலுள்ள செப்பு வாஷரைப் புதிதாகப் போட வேண்டும். பழைய வாஷரையே திரும்பப் போட்டால் அதன் ஓரமாகக் கம்ப்ரஷன் கசிந்து ‘சப் சப்’ என்று புதிய ஓசை ஒன்று தொடங்கும். இன்ஜெக்டரைச் சுற்றித் தார் போலக் கரி படியும். நான்கு சிலிண்டரும் சேர்ந்து தட்டினால் நாசிலைவிட, பம்பு டீசல் செலுத்தும் நேரத்தை, அதாவது அதன் டைமிங்கைப் பார்ப்பதே முறை.

மேனிஃபோல்டு கசிவு மூன்றிலும் எளியது. அதனாலேயே பலர் அதை எண்ணிப் பார்ப்பதில்லை. குளிர்ந்த எஞ்சினில் உரக்கவும், இரும்பு சூடேறி விரிந்ததும் மெல்லவும், வளைவுகளில் பாரம் இழுக்கும்போது மீண்டும் உரக்கவும் கேட்டால் அதையே முதலில் பாருங்கள். கேஸ்கெட் ஓரத்தில் கறுத்த புகைக்கோடு இருக்கும். காலையில் முதல் ஸ்டார்ட் செய்ததும், டீசல் கசிவு ஏதுமில்லை என்று உறுதிசெய்துகொண்டு, ஊதுபத்தி ஒன்றை இணைப்போரமாகக் கொண்டுபோனால், கசியும் இடத்தில் அதன் புகை விட்டுவிட்டுத் துள்ளும். கேஸ்கெட் மலிவு, மேனிஃபோல்டைப் பிடித்திருக்கும் துருவேறிய ஸ்டட் (திருகுத் தண்டு) முறிந்தால்தான் வேலை நீளும். முந்தைய நாளே எண்ணெய் விட்டு ஊறவைத்துக் கழற்றும் பொறுமை உள்ளவரிடம் கொடுப்பது நல்லது.

கெட்டியான எஞ்சின் ஆயிலும், டப்பாவில் விற்கும் ஓசை குறைப்பான்களும் இந்த வரிசையில் ஒரு மாற்று வழியாகப் பேசப்படுகின்றன. எண்ணெய் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டாப்பெட் உள்ள எஞ்சின்களில் அவற்றுக்கு ஓரளவு பொருள் உண்டு. திருகு வைத்துச் செட் செய்யும் டாப்பெட்டில் எண்ணெய் அந்த இடைவெளியை நிரப்பப் போவதில்லை. மலைக்குளிரில் கெட்டி ஆயில் மேலே ராக்கர் ஷாஃப்ட்டுக்கு ஏறத் தாமதமாவதால் தேய்மானமே கூடும். இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எஞ்சினை இறக்குவது எப்போது சரி? ஓசை மேலிருந்து அல்லாமல் கீழிருந்து, ‘டிக்’ என்றில்லாமல் ‘டொக்’ என்று கனத்துக் கேட்கும்போது. சூடான ஐடிலிங்கில் ஆயில் பிரஷர் விழும்போது. வடித்த எண்ணெயில் உலோகத் துகள் மினுங்கும்போது. அந்நிலையில் வண்டியை மேற்கொண்டு ஓட்டாமல் கட்டியிழுத்துச் செல்வதே கிராங்க்கைக் காப்பாற்றும். சிலிண்டரைக் கடைந்து ரீபோர் செய்வதற்குப் பதிலாகப் பழைய எஞ்சினை வாங்கி மாட்டலாம் என்பவர்கள், எஞ்சின் எண் ஆர்.சி.யில் இருப்பதையும், மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிந்தாக வேண்டும் என்பதையும், வாங்குகிற எஞ்சினின் ராக்கர் நுனிகளும் இருபது ஆண்டு தேய்ந்தவையே என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

என் வண்டிக்கு ஆனது இரண்டு ராக்கரும் ஒரு மூடி கேஸ்கெட்டும் அரை நாள் கூலியும். செட் செய்யும் முன் ஹெட் போல்ட்களின் இறுக்கத்தைச் சரிபார்த்துக்கொண்டோம், ஏனெனில் பிறகு இறுக்கினால் இடைவெளி மாறிவிடும். 500 கிலோமீட்டர் ஓடிய பின் மூடியை மறுபடி திறந்து அளந்தபோது, புதிய ராக்கர் இரண்டில் ஒன்று மட்டும் ஒரு தகடு அளவுக்குத் தளர்ந்திருந்தது. அதைச் சரிசெய்து மூடினோம்.