ரிமோட் கார் வாங்கப் போகிறீர்களா? முதலில் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்

மஞ்சள் நிற ரிமோட் கார். பெரிய பெரிய நான்கு சக்கரங்கள், சுவரில் மோதினால் தானே குட்டிக்கரணம் போட்டு நிமிர்ந்துகொள்ளும் வகை. மகனின் ஏழாவது பிறந்தநாளுக்கு ஆன்லைனில் வாங்கினேன். வீட்டுக்கு வந்த பதினோராம் நாள் அதன் பேட்டரி எங்கள் கூடத்தில் தீப்பிடித்தது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் நான் இதை எழுத உட்கார்ந்ததற்குத் தீ மட்டும் காரணமில்லை. அதற்குப் பிறகு மூன்று வாரம் 'இதற்கு யார் பொறுப்பு?' என்று நான் அலைந்த அலைச்சல் அதைவிட மோசம்.

சார்ஜ் போட்டது நான்தான். காரின் அடியில் இருக்கும் மூடியைத் திறந்து, கட்டைவிரல் பருமனில் இருந்த பேட்டரியைக் கழற்றி, கூடவே வந்த யுஎஸ்பி வயரில் மாட்டினேன். வயரில் குட்டியாக ஒரு சிவப்பு விளக்கு. சார்ஜ் முழுதாக ஏறியதும் அணைந்துவிடும் என்று தாளில் போட்டிருந்தது. ஒரு மணி நேரம் ஆயிற்று, அணையவில்லை. புதுசு, மெதுவாகத்தான் ஏறும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டேன். கொஞ்ச நேரத்தில் ஒரு வாடை வந்தது. கருகல் வாடை இல்லை, நகப்பூச்சை அழிக்கும் திரவத்துக்கு இருக்குமே, அந்த மாதிரி இனிப்பான வாடை. அப்புறம் பாம்பு சீறுவது போல ஒரு சத்தம். ஓடி வந்து பார்த்தால் வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு பேட்டரி பாயின் மேல் சுழல்கிறது. மனைவி சுவிட்சை அணைத்தாள். நான் துடைப்பத்தால் அதை வெளியே தள்ளினேன். அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று பிறகுதான் புரிந்தது. பாயில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. தரையில் விழுந்த கறை இன்னும் போகவில்லை.

எலக்ட்ரானிக்ஸ் பழுதுபார்க்கும் தம்பி ஒருவர் எனக்குப் பழக்கம். எரிந்த பேட்டரியையும், எரியாமல் தப்பித்த இன்னொன்றையும் (காருடன் இரண்டு கொடுத்திருந்தார்கள், தாராள மனசு!) அவரிடம் கொண்டுபோனேன். எரியாத பேட்டரியின் நீல உறையைக் கத்தியால் கீறிப் பிரித்தார். உள்ளே ஒரே ஒரு லித்தியம் செல். இரண்டு வயர். அவ்வளவுதான். இந்த வகை செல்லுக்கு 4.2 வோல்ட்தான் எல்லை, அதைத் தொட்டதும் சார்ஜை நிறுத்த நகம் அளவுக்கு ஒரு பாதுகாப்பு போர்டு இருக்க வேண்டும் என்றார். அது பேட்டரியிலும் இல்லை. சரி, வயரில் இருக்குமோ என்று அதன் தலைப்பையும் உடைத்துப் பார்த்தார். ஒரு ரெசிஸ்டர், ஒரு சிவப்பு எல்இடி. "அண்ணா, இதுல 'போதும், நிறுத்து'ன்னு சொல்ல ஆளே இல்ல. அஞ்சு வோல்ட் நேரா உள்ள போகுது" என்றார். தாளில் எழுதியபடி அந்த விளக்கு அணைய வழியே இல்லை. அது வெறும் அலங்காரம்.

இனி அலைச்சலுக்கு வருகிறேன்.

விற்றவர் பெயர் வாயில் நுழையாத ஏழெட்டு எழுத்துகள், எந்த மொழியிலும் அர்த்தம் இல்லாதது. எரிந்த பேட்டரியின் படங்களோடு புகார் எழுதினேன். "அன்பு நண்பரே, உங்கள் மகிழ்ச்சி எங்கள் கடமை" என்று ஆரம்பித்துப் பதில் வந்தது. பாதிப் பணம் தருகிறோம், விமர்சனம் எழுத வேண்டாம் என்றார்கள். மறுத்ததும் முழுப் பணம் தருகிறோம், படங்களை மட்டும் நீக்கிவிடுங்கள் என்றார்கள். எனக்குப் பணம் வேண்டாம், தயாரித்த தொழிற்சாலையின் பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்டேன். "நாங்கள் தொழிற்சாலை அல்ல, வணிகம் மட்டும்" என்பதோடு கதை முடிந்தது. இரண்டு நாளில் அந்தக் கடையே தளத்தில் இல்லை.

தளத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். நாங்கள் இடம் மட்டும்தான் தருகிறோம், விற்பது மூன்றாம் நபர் என்றார்கள். அந்த மூன்றாம் நபர் எங்கே என்று கேட்டால், தனியுரிமைக் கொள்கையின்படி சொல்ல இயலாது.

சரி, பெட்டியைப் பார்ப்போம் என்று குப்பையிலிருந்து எடுத்தேன். 'மேட் இன் சைனா' என்று இருந்தது. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அல்ல என்ற படம் இருந்தது. சிஇ (CE) என்ற ஐரோப்பியக் குறியீடு இருந்தது. தயாரிப்பாளர் பெயர், முகவரி, இறக்குமதியாளர் பெயர், தொகுதி எண் என்று எதுவும் இல்லை.

கடைசியில் பார்சல் மேல் ஒட்டியிருந்த சுங்கச் சீட்டு கண்ணில் பட்டது. பொருள் விவரம்: பிளாஸ்டிக் பாகங்கள். பேட்டரி என்ற பேச்சே இல்லை. மதிப்பு, நான் கொடுத்ததில் கால்வாசி. பெறுநர் என்ற இடத்தில் என் பெயர். மூன்று வாரமாகத் தேடிய இறக்குமதியாளர் கிடைத்துவிட்டார். நான்தான் அது! எனக்கும் அந்தத் தொழிற்சாலைக்கும் நடுவில் என் நாட்டில் வேறு யாருமே இல்லை.

இது வேடிக்கைக்குச் சொல்வது அல்ல. வெளிநாட்டுத் தொழிற்சாலையைச் சட்டத்தால் எளிதில் தொட முடியாது என்பது தெரிந்துதான் பல நாடுகள் இறக்குமதியாளரைப் பிடித்தன. அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்புச் சட்டத்தில் 'தயாரிப்பாளர்' என்ற சொல்லுக்குள்ளேயே இறக்குமதி செய்பவரும் அடக்கம். ஐரோப்பாவில் 1985ஆம் ஆண்டின் பொருள் பொறுப்பு விதியும் இறக்குமதியாளரைத் தயாரிப்பாளருக்குச் சமமாகவே வைத்தது. கொண்டுவந்தவர் பதில் சொல்ல வேண்டும் என்பதுதான் அடிப்படை. கடை வழியாகச் சரக்கு வந்த காலத்தில் இது ஓரளவு வேலை செய்தது. இப்போது பார்சல் நேராக வீட்டு வாசலுக்கு வருகிறது. 2024இல் மட்டும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இப்படி வந்த குறைந்த மதிப்புப் பார்சல்கள் சுமார் 460 கோடி, அதில் பத்தில் ஒன்பது சீனாவிலிருந்து. ஒரு நாளைக்கு ஒரு கோடிக்கும் மேல். எந்தச் சுங்க அதிகாரி எத்தனையைத்தான் பிரித்துப் பார்ப்பார்?

உடனே "சீனச் சரக்கு என்றாலே அப்படித்தான்" என்று கமெண்ட் போட வருபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இதை நீங்கள் படிக்கும் போனும் பெரும்பாலும் அங்கே செய்ததுதான். 2007இல் மாட்டெல் என்ற அமெரிக்க நிறுவனம் தன் பொம்மைகளைக் கோடிக்கணக்கில் திரும்பப் பெற்றபோது உலகமே சீனாவைத் திட்டியது. சில பொம்மைகளில் ஈயம் கலந்த பெயின்ட் இருந்தது உண்மை. ஆனால் ஆகஸ்டில் திரும்பப் பெற்றவற்றில் மிகப் பெரிய பங்கு, உலகம் முழுக்க 1.8 கோடிக்கு மேல், குட்டிக் காந்தங்கள் கழன்று விழுந்துவிடும் பொம்மைகள். குழந்தை இரண்டு காந்தங்களை விழுங்கினால் அவை குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்து ஓட்டை போட்டுவிடும். அது தொழிற்சாலையின் தவறு இல்லை, மாட்டெல் போட்டுக் கொடுத்த வடிவமைப்பின் தவறு. அடுத்த மாதமே அந்த நிறுவனத்தின் மூத்த அதிகாரி பெய்ஜிங் போய் மன்னிப்புக் கேட்டார். ஈய பெயின்ட் விஷயத்திலும் சங்கிலி நீளமானது. சீனாவின் ஃபோஷான் நகரில் இருந்த தொழிற்சாலைக்குப் பெயின்ட் கொடுத்தது அதன் முதலாளிக்கு நண்பரான இன்னொரு வியாபாரி என்று அப்போது செய்தி வந்தது. அந்த முதலாளி உயிரை மாய்த்துக்கொண்டார். பிராண்ட் உள்ள பொம்மை என்பதால்தான் இதெல்லாம் வெளியே வந்தது. 2009இல் மாட்டெல் 23 லட்சம் டாலர் அபராதம் கட்டியது. நான் வாங்கிய கார் விஷயத்தில் அபராதம் கட்டவும் ஆள் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் ஆள் இல்லை.

இறக்குமதியாளர் இருந்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. அதே 2007இல் நியூ ஜெர்சியில் ஒரு சிறிய நிறுவனம் சீனாவிலிருந்து கொண்டுவந்த டயர்களில், அடுக்குகள் பிரியாமல் தடுக்கும் ரப்பர் பட்டை விடுபட்டிருப்பது தெரியவந்தது. சுமார் நான்கரை லட்சம் டயர்களைத் திரும்பப் பெறச் சட்டப்படி அந்த நிறுவனம்தான் பொறுப்பு. எங்களிடம் அவ்வளவு பணம் இல்லை, திவாலாகிவிடுவோம் என்று அவர்கள் கையை விரித்தார்கள்.

எனக்குக் கொஞ்சம் தெம்பு கொடுத்தது 2020இல் கலிஃபோர்னியாவில் வந்த ஒரு தீர்ப்பு. ஒரு பெண் அமேசானில் லேப்டாப்புக்கு மாற்று பேட்டரி வாங்கினார், அது வெடித்து அவருக்குக் கடுமையான தீக்காயம். விற்றது ஹாங்காங் நிறுவனம், அது நீதிமன்றத்துக்கு வரவே இல்லை. நாங்கள் வெறும் சந்தை என்ற அமேசானின் வாதத்தை மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. பொருளைத் தன் கிடங்கில் வைத்து, பணம் வாங்கி, தன் பெட்டியில் போட்டு அனுப்பிய நிறுவனம் கடைக்காரரைப் போலவே பொறுப்பேற்க வேண்டும் என்றது. 2024 ஜூலையில் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையமும், தன் கிடங்கு வழியாகப் போகும் பொருள்களுக்கு அமேசான் ஒரு 'விநியோகஸ்தர்' என்று முடிவு செய்தது. நிறுவனம் அதை எதிர்த்து வழக்குப் போட்டது வேறு கதை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 13 முதல், பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒருவர் ஒன்றியத்துக்குள்ளேயே இருந்தாக வேண்டும், அவர் பெயரும் முகவரியும் பொருளிலோ பெட்டியிலோ இருந்தாக வேண்டும். ஆனால் கவனியுங்கள்: என் கார் எந்தக் கிடங்குக்கும் போகவில்லை. விற்றவர் அங்கிருந்தே அனுப்பினார். அந்த ஓட்டை வழியாகத்தான் நான் விழுந்தேன்.

அந்த சிஇ குறியீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைப் பார்த்துத்தான் நானும் ஏமாந்தேன். 'சைனா எக்ஸ்போர்ட்' என்பதன் சுருக்கம் அது என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் கதை பொய். பொருள் ஐரோப்பிய விதிகளுக்கு இணங்க இருக்கிறது என்று சொல்லும் குறிதான் அது. ஆனால் பெரும்பாலான பொருள்களுக்குத் தயாரிப்பாளரே, வெளியார் யாரும் சோதிக்காமல், தானே அறிவித்து ஒட்டிக்கொள்ளலாம். அச்சடிக்க மை மட்டும் போதும். முத்திரையும் தோற்றமும் எவ்வளவு நம்பத் தக்கவை என்பதற்கு ஒரு கணக்கு: 2016இல் யுஎல் என்ற சோதனை நிறுவனம் 400 போலி ஐபோன் சார்ஜர்களைச் சோதித்தது. மின்காப்புச் சோதனையில் தேறியவை மூன்று.

இப்போது நான் என்ன செய்கிறேன்? மின்சாரத்தில் செருகுவது, பேட்டரி உள்ளது, குழந்தை வாயில் வைக்கக்கூடியது, இந்த மூன்று வகையையும் நேரடிப் பார்சலில் வாங்குவதில்லை. பெட்டியில் என் நாட்டு முகவரியோடு ஒரு பெயர் இருக்கிறதா என்று பார்க்கிறேன். இல்லையென்றால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். துணிப்பை, போன் உறை என்றால் கவலைப்படுவதில்லை, அது கிழிந்தால் கிழியட்டும். ஏற்கெனவே ஏதாவது எரிந்து தொலைத்திருந்தால் தயவுசெய்து பொருளைத் திருப்பி அனுப்பாதீர்கள். படங்களை நீக்கச் சொன்னாலும் நீக்காதீர்கள், உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அதுதான். தளத்தின் பக்கத்தை அன்றே படம் எடுத்து வையுங்கள், மறுநாள் இருக்காது. நானும் பெட்டி, சீட்டு, வயர் எல்லாவற்றையும் வைத்து நுகர்வோர் அதிகாரிகளிடம் புகார் கொடுத்திருக்கிறேன். பதிவு எண் வந்திருக்கிறது, வேறு எதுவும் இன்னும் வரவில்லை.

நேற்றுத் தேடியபோது அதே கார், அதே படம், வேறு பெயரில், நாலரை நட்சத்திரத்தோடு விற்பனையில் இருந்தது. இந்த முறை பச்சை நிறமும் உண்டு.

உங்கள் வீட்டில் அது இருந்தால் அடையாளம் சொல்கிறேன். அடியில் ஒற்றை ஸ்குரூ போட்ட மூடி, உள்ளே நீல உறையில் உருளை பேட்டரி, அதற்குச் சிவப்பு விளக்கு உள்ள கருப்பு யுஎஸ்பி வயர். சார்ஜ் போடாதீர்கள். பேட்டரியைக் கழற்றி, இரண்டு வயர் முனைகளையும் தனித்தனியாக டேப் சுற்றி, பழைய பேட்டரி வாங்கிக்கொள்ளும் இடத்தில் கொடுங்கள். வீட்டுக் குப்பையோடு போட்டுவிட வேண்டாம், குப்பை வண்டியில் நசுங்கினால் அங்கே பற்றிக்கொள்ளும்.