முதுகெலும்புத் திருகு: நேவிகேஷன் திரையா, ரோபோவா, ஏஆர் கண்ணாடியா?

முதுகெலும்பு அறுவை சிகிச்சையில் திருகைச் சரியான இடத்தில் போட மூன்று உதவிகள் உண்டு: கருவி நிற்கும் இடத்தை ஸ்கேன் படத்தில் காட்டும் நேவிகேஷன் திரை, ரோபோ, அந்தப் படத்தை நிஜக் காட்சியின் மேலேயே காட்டும் ஏஆர் (ஆக்மென்டட் ரியாலிட்டி) கண்ணாடி. மூன்றையும் பயன்படுத்திப் பார்த்துவிட்டு, இடுப்புப் பகுதித் திருகுகளுக்கு நான் ஏஆர் கண்ணாடியைத் தேர்ந்தெடுத்தேன்.

துல்லியம் அதற்குக் காரணமில்லை. திருகு எலும்புச் சுவரைத் தாண்டினாலும் 2 மி.மீ.க்குள் இருந்தால் பொதுவாக ஏற்றுக்கொள்கிறோம். ஒழுங்காகக் கையாண்டால் மூன்றிலுமே பெரும்பாலான திருகுகள் அதற்குள் நிற்கும். 2019-இல் வெளியான, சடலங்களில் செய்த ஓர் ஆய்வில், ஏஆர் உதவியுடன் போட்ட 120 திருகுகளில் 96.7 சதவீதம் சரியாக அமைந்தன. அதே ஆண்டு டிசம்பரில் எக்ஸ்விஷன் என்ற ஏஆர் கண்ணாடிக்கு, அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் அனுமதி கிடைத்தது.

ரோபோ திசையை அசையாமல் பிடித்துக்கொள்ளும், நீண்ட கேஸ்களில் அது பெரிய உதவி. ஆனால் சரிவான எலும்பில் டிரில் முனை வழுக்கினால் ரோபோ கை மட்டும் அதைத் தடுத்துவிடாது. இடத்தையும் நிறைய அடைக்கும்.

என் முடிவைத் தீர்மானித்தது வேறு விஷயம்: பிழை எப்போது கண்ணில் படுகிறது என்பது. எந்த நேவிகேஷனும் நோயாளியின் எலும்பில் கவ்வியிருக்கும் ரெஃபரன்ஸ் ஃபிரேமை, அதாவது எலும்பு இருக்கும் இடத்தை டிராக்கிங் கேமராவுக்குக் காட்டும் அடையாளச் சட்டத்தை, நம்பித்தான் ஓடுகிறது. யாருடைய கையாவது அதில் பட்டு லேசாக நகர்ந்தால், திரையிலிருக்கும் படம் முன்பு போலவே அழகாகத்தான் தெரியும். காயத்தைப் பார்த்து, தலையைத் திருப்பித் திரையைப் பார்த்து, மறுபடி காயத்துக்கு வரும்போது இரண்டும் பொருந்துகிறதா என்பதை மனதுக்குள்தான் ஒப்பிட வேண்டும். களைப்பான நேரத்தில் அந்த ஒப்பீடு விட்டுப்போகும். கண்ணாடியில் ஸ்கேன் படம் எலும்பின் மேலேயே விழுகிறது. முள்ளெலும்பின் விளிம்பும் படத்தின் விளிம்பும் விலகினால் அந்தப் பார்வையிலேயே பிடிபடும். சிறிய விலகல் கண்ணுக்குத் தப்பலாம் என்பதால், தெரிந்த எலும்பு முனையை ப்ரோபால் (கூர்முனைக் கருவியால்) தொட்டுச் சரிபார்ப்பதை நான் விடவில்லை. ஆனால் கண்ணை எடுக்காமலே அதைச் செய்ய முடிவதால், ஒவ்வொரு திருகுக்கும் முன்பு தயங்காமல் செய்கிறேன். அப்புறம், எக்ஸ்விஷன் போன்றவற்றில் டிராக்கிங் கேமரா தலையிலேயே இருக்கிறது. உதவியாளர் குறுக்கே நின்று கேமராவை மறைக்கும் தொல்லையும் வெகுவாகக் குறைகிறது.

குறைகளும் உண்டு. படம் காயத்தை மறைப்பதால் ரத்தக்கசிவு தெரியாமல் போகலாம். அடிக்கடி அணைத்துப் பார்க்க வேண்டும். மிதக்கும் படத்துக்கும் நிஜ எலும்புக்கும் கண் மாறி மாறிக் குவிவதால் கண் சோர்கிறது. கழுத்து எலும்பிலும், பக்கவாட்டில் வளைந்து முறுக்கிக்கொண்ட ஸ்கோலியோசிஸ் முதுகிலும் எனக்கு ஏஆர் அனுபவம் குறைவு. அங்கே இப்போதைக்குத் திரை நேவிகேஷனையே எடுக்கிறேன்.

வாங்க நினைப்பவர்கள் கண்ணாடி எதன்மேல் கட்டப்பட்டது என்று கேளுங்கள். பல ஏஆர் மென்பொருள்கள் நம்பியிருந்த ஹோலோலென்ஸ் 2 என்ற தன் கண்ணாடியின் தயாரிப்பை 2024-இல் மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. உதிரிபாகமும் மென்பொருள் அப்டேட்டும் எத்தனை ஆண்டுக்குக் கிடைக்கும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.