தராசில் ஏறாத எண்ணெய்: 20 மாதக் கலோரிக் கணக்கு

2024 பொங்கல் முடிந்த வாரம் என் எடை 76.4 கிலோ. உயரம் 158 சென்டிமீட்டர், வயது அப்போது 43, உட்கார்ந்தே பார்க்கும் அலுவலக வேலை. இன்று காலை 69.8. இருபது மாதத்தில் ஆறரை கிலோ என்றால் கேட்பவர் முகத்தில் ஒரு சின்ன ஏமாற்றம் தெரியும். "அவ்வளவுதானா?" அவ்வளவுதான். அதிலும் நடுவில் ஏழு மாதம் எடை நகரவே இல்லை. அந்த ஏழு மாதத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

வாங்கியவை இரண்டு: 5 கிலோ வரை நிறுக்கும் சமையலறைத் தராசு ஒன்று, கையில் கட்டும் ஸ்மார்ட்வாட்ச் ஒன்று. கலோரி எழுத போனில் ஒரு இலவசச் செயலி. செயலி எனக்குக் கொடுத்த அளவு நாளைக்கு 1,350 கலோரி. காலையில் மகாமகக் குளத்தைச் சுற்றி 45 நிமிட நடை.

தராசைப் பார்த்த முதல் நாளே மாமியார் கேட்டார்: "ஏம்மா, அரிசியக் கடையிலயே நிறுத்துத்தானே தர்றான், மறுபடியும் எதுக்கு?" நியாயமான கேள்விதான். வெந்த சோறு 100 கிராமுக்குச் சுமார் 130 கலோரி, அதுவே அரிசியாக இருந்தால் 350. குழைய வடித்தால் ஒரு கணக்கு, உதிரியாக வடித்தால் ஒரு கணக்கு. ஒரு மாதம் குழம்பிய பிறகு அரிசியாகவே நிறுக்கப் பழகினேன். எங்கள் வீட்டு ஆழாக்கு தலைதட்டி அளந்தால் 145 கிராம். காலிப் பாத்திரங்களின் எடையை அலமாரிக் கதவின் உள்பக்கம் சாக்பீஸால் எழுதி வைத்தேன். உருளியை மட்டும் குழம்போடு வைத்தால் தராசு கை விரித்துவிடும்.

செயலியில் நம் ஊர்ச் சாப்பாடு கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். சாம்பார் ஒரு கிண்ணம் என்று தேடினால் 60 முதல் 250 வரை விதவிதமாக வரும், விருப்பமானதைத் தேர்ந்தெடுக்கலாம். நான் எதைத் தேர்ந்தெடுத்திருப்பேன் என்று சொல்ல வேண்டியதில்லை. கடப்பா என்று தேடினால் ஒன்றுமே வரவில்லை. கும்பகோணத்தில் இருந்துகொண்டு இட்லிக்குக் கடப்பா இல்லாமல் ஞாயிற்றுக்கிழமையை எப்படி ஓட்டுவது? பாசிப்பருப்பு, உருளைக்கிழங்கு, தேங்காய், பொட்டுக்கடலை என ஒவ்வொன்றாக நிறுத்து நானே சேர்த்தேன்.

முதல் நான்கு மாதத்தில் 73.1 வந்தது. அப்புறம் நின்றது. வைகாசி, ஆடி, ஐப்பசி எல்லாம் போயின. மாதவிடாய்க்கு முந்தைய வாரம் 74.3 காட்டும், பிறகு 73-க்குத் திரும்பும். அந்த 1.2 கிலோ வெறும் தண்ணீர் என்று புரிய எனக்கு மூன்று மாதமும் கொஞ்சம் அழுகையும் தேவைப்பட்டன. அன்றன்றைய எண்ணை விட்டுவிட்டு வாரச் சராசரியை மட்டும் பார்க்க ஆரம்பித்தது அதற்கப்புறம்தான்.

"தைராய்டுதான், நான் எழுதித் தர்றேன்" என்றார் நாத்தனார். பரிசோதித்தேன். டிஎஸ்எச் என்ற தைராய்டு ரத்த அளவு 3.1, சரியான அளவு. அவருக்கு என்னைவிட ஏமாற்றம். வேறொருவர் பொன்னியை விட்டு மாப்பிள்ளைச் சம்பாவுக்கு மாறச் சொன்னார். மாறினேன். நார்ச்சத்து கூடுதல், பசி தாங்குகிறது, அதெல்லாம் உண்மை. ஆனால் கிராமுக்குக் கிராம் கலோரி ஏறக்குறைய அதே. பசி தாங்குகிறதே என்று குறைவாகச் சாப்பிட்டால்தான் பலன். நான் ருசியாக இருக்கிறதே என்று சாப்பிட்டேன்.

வாட்ச் தனிக் கதை. 45 நிமிட நடைக்கு 310 கலோரி செலவு என்று காட்டும். செயலி அதை வாங்கி, "இன்று இன்னும் 310 சாப்பிடலாம்" என்று பெருந்தன்மையாகக் கூட்டிவிடும். என் எடைக்கு அந்தத் தூரத்தில் கூடுதலாகச் செலவாவது கிட்டத்தட்ட அதில் பாதிதான். சும்மா உட்கார்ந்திருந்தாலே அந்த நேரத்தில் நாற்பது சொச்சம் செலவாகும், வாட்ச் அதையும் நடைக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 2017-இல் ஏழு கருவிகளைச் சோதித்தபோது, கலோரி விஷயத்தில் இருப்பதிலேயே நல்ல கருவிகூட சராசரியாக 27 சதவீதம் தவறியது. அந்தக் கூட்டலை அணைத்து வைத்தேன். நாடித் துடிப்புக்கும் நேரம் பார்க்கவும் வாட்ச் பரவாயில்லை.

அதற்கும் எடை மசியவில்லை. அப்போதுதான் 1992-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்த ஓர் ஆய்வைப் பற்றிப் படித்தேன். குறைவாகச் சாப்பிட்டும் எடை குறையவில்லை என்று சொன்னவர்களை அளந்து பார்த்திருக்கிறார்கள். அவர்கள் சாப்பிட்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்தும், உடற்பயிற்சியை 51 சதவீதம் கூட்டியும் சொல்லியிருந்தார்கள். எனக்கு வந்தது கோபம். கறிவேப்பிலையைக்கூட நிறுத்துப் போடுகிறவளைப் பொய் சொல்கிறாள் என்றால்?

அந்தக் கோபத்தில்தான் மார்கழியில் எண்ணெயைக் கணக்குப் போட்டேன். என் தட்டில் எவ்வளவு என்று பார்க்கவில்லை, வீட்டுக்கு மாதம் எவ்வளவு வந்தது என்று பார்த்தேன். நல்லெண்ணெய், கடலை எண்ணெய் இரண்டும் சேர்த்து நாலரை லிட்டர். வாசல் விளக்குக்கும் சாமி விளக்குக்கும் அரை லிட்டரைக் கழித்தால் 4 லிட்டர். லிட்டர் 910 கிராம், கிராமுக்கு 9 கலோரி. நான்கு பேர், முப்பது நாள். தலைக்கு நாளொன்றுக்கு 273 கலோரி. நான் எழுதிக்கொண்டிருந்தது இரண்டு டீஸ்பூன், அதாவது 80 சொச்சம். தாளிப்புக் கரண்டியை நிறுத்துப் பார்த்தேன்: மாமியார் "ஒரு சொட்டு" என்று ஊற்றுவது 22 கிராம்.

அன்றைக்கே காபியையும் எடை போட்டுப் பார்த்தேன். செயலியில் ஃபில்டர் காபி 45 கலோரி என்றிருந்தது. எங்கள் டம்ளரில் கொழுப்பு மிகுந்த ஆவின் ஆரஞ்சு பாக்கெட் பால் 110 மில்லி, சர்க்கரை 8 கிராம். 130-க்கு மேல் வருகிறது. நாளைக்கு இரண்டு. எண்ணெயும் காபியுமாகக் கிட்டத்தட்ட 360 கலோரி என் நோட்டுக்கு வெளியே இருந்தது. 1,350 என்று நான் நம்பியது 1,700. 73 கிலோ எடையுள்ள எனக்கு எடை கூடாமலும் குறையாமலும் இருக்க வேண்டியது ஏறக்குறைய அதே 1,700. ஏழு மாதமும் கணக்கு சரியாகத்தான் நடந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

மாமியாரிடம் எண்ணெயைப் பற்றிப் பேசியது இன்னொரு நாள் எழுத வேண்டிய கதை. இப்போது மாதம் மூன்று லிட்டர், காபியில் கொழுப்பு சற்றுக் குறைந்த பச்சை பாக்கெட் பால். ஆனியில் 70.2 வந்தது, அதிலிருந்து மறுபடி ஆமை வேகம். இடுப்பு 98-இலிருந்து 89 சென்டிமீட்டர் ஆகியிருக்கிறது. நம் நாட்டுப் பெண்களுக்கு 80-க்குள் இருக்கணும் என்கிறார்கள், தூரம் இருக்கிறது.

வாங்கலாமா என்று கேட்டால்: தராசு வாங்குங்கள், வாட்ச் வேண்டாம், செயலிக்குப் பணம் கட்டாதீர்கள். போன வாரம் தராசு உயிரில்லாமல் கிடந்தது. பேட்டரி டிவி ரிமோட்டில் இருந்தது. சீரியல் நேரத்தில் அதைக் கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. அன்று ராத்திரி கண்ணளவில்தான் எழுதினேன்: இட்லி நாலு, கடப்பா ஒன்றரைக் கரண்டி.