பேருந்து வீட்டுக்கு ஓவர்டிரைவ் மாட்டப் போகிறீர்களா? முன்பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

3,000 லிட்டர் டீசல் வாங்கும் பணத்தை ஒரு பட்டறை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டது. டீசலை மிச்சம் பிடிக்கத்தான் என் பேருந்து வீட்டுக்கு ஓவர்டிரைவ், அதாவது அதே வேகத்தில் எஞ்சினை மெதுவாகச் சுற்றவைக்கும் கூடுதல் கியர் பெட்டி, மாட்டினேன், அதனால் போனதையும் டீசலிலேயே சொல்கிறேன். 3,000 லிட்டர். ஓவர்டிரைவ் யூனிட்டின் விலை, கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் ஷாஃப்டை வெட்டிய கூலி, பிராக்கெட், வயரிங், எண்ணெய் எல்லாம் சேர்த்து. அதற்கு ஈடாக என்ன கிடைத்தது என்பதைத்தான் எழுதப் போகிறேன். ஓவர்டிரைவ் மாட்டும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். பட்டறையின் பெயரைப் போட முடியாது. கனரக வண்டிகளுக்கு கியர்பாக்ஸ் வேலை செய்கிறோம் என்று பெரிய பலகை வைத்திருக்கும் இடம், அவ்வளவுதான் சொல்வேன்.

வண்டி ஒரு பழைய பள்ளிப் பேருந்து. எஞ்சின் முன்பக்கம், ஆறு சிலிண்டர் டர்போ டீசல். இருக்கைகளைக் கழற்றிவிட்டுக் கட்டில், அடுப்படி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்த பிறகு ஒன்பதரை டன் எடை. கியர்பாக்ஸ் அலிசன் ஏடி 545, நாலு கியர் ஆட்டோமேட்டிக். நாலாவது கியர் நேர் கியர், ஒன்றுக்கு ஒன்று. பின் அச்சில் விகிதம் 4.88, அதாவது ஷாஃப்ட் 4.88 சுற்று சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று. பள்ளிப் பேருந்துகளை இப்படித்தான் செய்வார்கள், ஏனென்றால் அவை தெருத் தெருவாக நின்று நின்று போகிற வண்டிகள். நெடுஞ்சாலையில் 90-இல் ஓட்டினால் எஞ்சின் ஏறத்தாழ 2,270 ஆர்பிஎம்மில் கத்தும். லிட்டருக்கு 3.9 கிலோமீட்டர் கிடைத்துக்கொண்டிருந்தது. நாள் முழுக்க அந்தச் சத்தத்தில் உட்கார்ந்து ஓட்டியவர்களுக்குத் தெரியும், ஓவர்டிரைவ் என்ற சொல் எவ்வளவு ஆசை காட்டும் என்று.

பட்டறைக்காரர் பேசிய விதம்தான் என்னைக் கவிழ்த்தது. முதலில் விலையைப் பற்றி மூச்சே விடவில்லை. சாக்கை விரித்துப் போட்டு வண்டிக்கு அடியில் போனார், பின் அச்சின் தகட்டைத் துடைத்து விகிதத்தைப் படித்தார், டயர் அளவைக் கேட்டார். வெளியே வந்து ஒரு அட்டையில் கணக்குப் போட்டார். கிலோமீட்டருக்கு டயர் 311 சுற்று, 90-இல் நிமிடத்துக்கு ஒன்றரை கிலோமீட்டர், அதை 4.88-ஆல் பெருக்கினால் 2,270-ஐ ஒட்டி வருகிறது. "சரியா தம்பி?" என்றார். என் மீட்டர் காட்டுவதும் ஏறத்தாழ அதேதான். அப்புறம் ஓவர்டிரைவின் விகிதம் 0.78, அதைப் பெருக்கினால் 1,770. அதுவும் சரி. கணக்கு தெரிந்த மனுஷன், வண்டிக்கு அடியில் தானே இறங்குகிற மனுஷன் என்று எனக்கு நம்பிக்கை வந்தது அந்த இடத்தில்தான்.

அதே அட்டையில், அதே பேனாவால், அடுத்த வரியை எழுதினார்: "22 சதவீதம் சுற்று குறையுது, 22 சதவீதம் டீசல் குறையும். 3.9 தர்ற வண்டி 5 தரும்." மேலே இருந்த இரண்டு வரிகளும் உண்மை, இது பொய். ஆனால் உண்மைக்குப் பக்கத்திலேயே எழுதியதால் அதுவும் உண்மை போல நின்றது. இந்த மோசடியின் மொத்த வேலையும் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

ஏன் பொய் என்று சொல்லிவிடுகிறேன். 90-இல் பேருந்தை ஓட்டத் தேவைப்படும் சக்தியைத் தீர்மானிப்பது காற்றும் டயரின் உருளும் எதிர்ப்பும். ஓவர்டிரைவ் மாட்டினாலும் பேருந்தின் நெஞ்சு அதே அகலம்தான், எடை அதேதான், தேவைப்படும் சக்தியும் அதேதான். எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றிலும் கூடுதல் டீசலை எரித்து அதே சக்தியைக் கொடுத்தாக வேண்டும். மிச்சமாவது, வேகமாகச் சுற்றுவதால் எஞ்சினுக்குள் வீணாகும் உராய்வின் ஒரு பங்கு மட்டும். லாபம் உண்டு, ஆனால் சுற்று குறைந்த அளவுக்கு டீசல் குறையவே குறையாது. கியர்பாக்ஸ் தொழில் செய்கிற ஆளுக்கு இது தெரியாமல் இருக்க வழியே இல்லை.

ஏடி 545 வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு கண்ணியும் இருக்கிறது. இந்தப் பெட்டியின் டார்க் கன்வெர்ட்டரில் லாக்கப், அதாவது எஞ்சினையும் கியர்பாக்ஸையும் நேராகப் பூட்டும் ஏற்பாடு, கிடையாது. அலிசனின் இன்னொரு பெட்டியான எம்டி 643-இல் உண்டு, இதில் இல்லை. அதாவது எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே எப்போதும் எண்ணெய் வழியாகத்தான் பிடிப்பு. சுற்றைக் குறைத்துச் சுமையை ஏற்றினால் கன்வெர்ட்டர் இன்னும் வழுக்கும். அந்த வழுக்கல் அத்தனையும் சூடாகப் போகும். எனக்கு அப்படித்தான் ஆனது. வழக்கமாக 90 டிகிரியை ஒட்டி நிற்கும் கியர்பாக்ஸ் எண்ணெய், ஓவர்டிரைவில் ஒரு சின்ன ஏற்றம் வந்தாலே 115-ஐத் தாண்டியது. மிச்சமாக வேண்டிய டீசல் எண்ணெயைச் சூடாக்கிக்கொண்டிருந்தது. "எண்ணெய்க் கூலர் பெருசா போடுங்க தம்பி, நம்மகிட்டயே இருக்கு" என்றார். அதற்கும் தனிக் காசு.

சோதனை ஓட்டத்தில் நடந்ததைக் கேளுங்கள். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "பாருங்க, 70-ல எப்படி அமைதியா போகுது" என்றார். வண்டி உண்மையில் 90-இல் போய்க்கொண்டிருந்தது. ஸ்பீடோமீட்டருக்கு சிக்னல் வருவது கியர்பாக்ஸின் வாலிலிருந்து. ஓவர்டிரைவ் அதற்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. எனவே ஓவர்டிரைவில் மீட்டர் 22 சதவீதம் குறைத்தே காட்டும். 90-ஐ 70 என்று காட்டுகிற மீட்டரோடு ஒன்பதரை டன் வண்டியைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள், ஒரு வார்த்தை சொல்லாமல். நான் போன் ஜிபிஎஸ்ஸைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன்.

சமதளத்தில் டாங்க் நிரப்பி டாங்க் நிரப்பி, தூரத்தை ஜிபிஎஸ்ஸில் எடுத்து அளந்தேன். லிட்டருக்கு 4.1. மலைப்பாதை கலந்தால் 3.8, அதாவது பழையதைவிடக் குறைவு. சமதளக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 3.9-இலிருந்து 4.1 என்றால் 100 கிலோமீட்டருக்கு ஒன்றேகால் லிட்டர் மிச்சம். கொடுத்த 3,000 லிட்டரைத் திரும்பப் பார்க்க 2,40,000 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். அட்டையில் எழுதிய 5 கிடைத்திருந்தால் 53,000 கிலோமீட்டரில் கைக்கு வந்திருக்கும். நான் எந்தக் கணக்கை நம்பிப் பணம் கொடுத்தேனோ அதற்கும் கிடைத்ததற்கும் இவ்வளவு தூரம்.

இதைச் சொல்லப் போனபோதுதான் அலைக்கழிப்பு ஆரம்பித்தது. முதலில் "யூனிட் புதுசு, ஓடி செட் ஆகணும்." ஓட்டிவிட்டுப் போனால், "டயர்ல காத்து பாத்தீங்களா?" காற்று சரியாக இருந்தது. "மீட்டர் குறைச்சுக் காட்டுது, அதான் உங்க மைலேஜ் கணக்கு தப்பா வருது." மீட்டர் குறைத்துக் காட்டும் என்று தெரிந்தே வைத்திருந்திருக்கிறார், தனக்குச் சாதகமாக வரும்வரை வாயைத் திறக்கவில்லை! ஜிபிஎஸ்ஸில் எடுத்த கணக்கு என்று காட்டினேன். "அப்போ நீங்க ஓட்டுற விதம்தான்" என்று முடித்துவிட்டார். அதன்பிறகு போனை எடுப்பது வேலைக்காரப் பையன்தான். "அண்ணன் வெளியூர் போயிருக்காரு." வாட்ஸாப்பில் நீல டிக் விழும், பதில் வராது. அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமில்லை, சொல்லச் சொன்னதைச் சொல்கிறான்.

இதற்குள் யூனிட்டிலிருந்து கூவல் சத்தம் வந்துவிட்டது. முதலில் ஓவர்டிரைவில் மட்டும், பிறகு நேர் கியரிலும். முன் சீல் எண்ணெய் கக்க ஆரம்பித்தது. யூனிட்டுக்குரிய கையேட்டை ஆரம்பத்திலிருந்தே கேட்டு வந்தேன், "பார்சல்ல வரல" என்ற பதில்தான். கடைசியில் நானே படுத்து, யூனிட்டின் மேல் அடித்திருந்த பெயின்ட்டைச் சுரண்டி, மாடல் எண்ணைப் பார்த்து, அதன் விவரத்தாளைத் தேடி எடுத்தேன். அதில் அனுமதித்திருக்கும் அதிகபட்ச மொத்த எடை என் பேருந்தின் எடையில் பாதிகூட இல்லை. அது சரக்கு ஏற்றும் சின்ன வண்டிகளுக்கான யூனிட். தகட்டின் மேல் ஏன் பெயின்ட் அடித்திருந்தார்கள் என்று இப்போது புரிகிறது.

எடை மட்டும் இல்லை, டார்க்கையும், அதாவது ஷாஃப்டைத் திருப்பும் விசையையும் பாருங்கள். யூனிட் கியர்பாக்ஸுக்குப் பின்னால் இருப்பதால் எஞ்சினின் டார்க் அப்படியே வராது, பெருகித்தான் வரும். என் எஞ்சின் ஏறத்தாழ 550 நியூட்டன் மீட்டர். ஏடி 545-இன் முதல் கியர் 3.45. வண்டி நகரத் தொடங்கும்போது கன்வெர்ட்டரும் ஏறக்குறைய இரண்டு மடங்காக்கும். பெருக்கிப் பார்த்தால் 3,700-ஐத் தாண்டுகிறது. ஒவ்வொரு தடவையும் பிரேக்கை விட்டு நகரும்போது அந்தச் சின்னப் பெட்டி இதைத் தாங்கியாக வேண்டும். எப்படித் தாங்கும்?

பணத்தைவிட என்னைக் கொதிக்க வைப்பது ஹேண்ட் பிரேக் விஷயம். இதற்காகத்தான் இந்தப் பதிவே. ஏடி 545-இல் பார்க் கியர் கிடையாது. ஹைட்ராலிக் பிரேக் உள்ள என் வண்டியில் ஹேண்ட் பிரேக் என்பது கியர்பாக்ஸின் வாலில் இருக்கும் டிரம். அது ஷாஃப்டைப் பிடிக்கும், ஷாஃப்ட் வழியாகச் சக்கரம் நிற்கும். ஓவர்டிரைவை அந்த டிரம்முக்குப் பின்னால், ஷாஃப்டின் நடுவே மாட்டினார்கள். மின்மோட்டார் பல்லை நகர்த்தி நேர் கியரிலிருந்து ஓவர்டிரைவுக்கு மாற்றுகிற வகை அது. நடுவில் நின்றால் நியூட்ரல். நியூட்ரலில் நின்றால் டிரம் எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் பிடித்திருப்பது யூனிட்டின் முன்பக்கத்தை மட்டும்தான். பின்னால் சக்கரங்கள் சுதந்திரம்.

அது ஒரு சரிவில் நடந்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு எழுந்திருக்கப் போனேன், வண்டி மெதுவாக நகர்ந்தது. நல்லவேளை கால் பிரேக்குக்கு எட்டும் தூரத்தில் இருந்தேன். உள்ளே மனைவியும் பிள்ளைகளும் இருந்தார்கள், முன்னால் இன்னொரு வண்டி நின்றுகொண்டிருந்தது. மோட்டார் பாதியில் சிக்கியிருந்தது என்று பிறகு தெரிந்தது. நான் ஒரு நிமிஷம் முன்பே இறங்கிப் போயிருந்தால் என்ற நினைப்பு இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

இதைப் போய்ச் சொன்னபோது அவர் சொன்ன பதில்: "சரிவுல நிறுத்தும்போது சக்கரத்துக்குக் கட்டை போடணும் தம்பி, அது டிரைவர் பொறுப்பு." பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "ஷாஃப்ட் வெட்டியாச்சு, யூனிட் ஓடியாச்சு, எப்படித் திருப்பறது?" வாரன்டி கேட்டேன். அட்டையின் பின்பக்கத்தைக் காட்டினார். எடை வரம்பை மீறிய வண்டிகளுக்கு வாரன்டி பொருந்தாதாம். எடையைக் கேட்டு எழுதிக்கொண்டது அவர், யூனிட்டைத் தேர்ந்தெடுத்தது அவர், மாட்டியது அவர், வரம்பை மீறியது மட்டும் நானாம். 3,000 லிட்டர் டீசல் காசு அந்த அட்டையின் பின்பக்கத்தில் போய்விட்டது.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன். கை நடுங்குகிறது, அவசரமானவற்றை மட்டும் சொல்கிறேன்.

யூனிட்டின் விவரத்தாளைக் கையில் வாங்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். மொத்த எடை, உள்வரும் டார்க், இரண்டையும் உங்கள் வண்டியோடு ஒப்பிடுங்கள். இன்ன பேருந்துக்கு, இன்ன எடைக்கு இந்த யூனிட் பொருந்தும் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

லாக்கப் இல்லாத கியர்பாக்ஸ் என்றால் இந்த ஆசையையே விட்டுவிடுங்கள். சுற்றுதான் பிரச்சினை என்றால் பின் அச்சின் விகிதத்தைத் தீர்மானிக்கும் பல்சக்கர ஜோடியான கிரவுன் பினியனை மாற்ற முடியுமா என்று முதலில் கேளுங்கள். உங்கள் அச்சுக்கு 4.1-ஐ ஒட்டிய விகிதம் கிடைத்தால் கூடுதலாக ஒரு பெட்டியும் தொங்காது, ஹேண்ட் பிரேக்கும் இருக்கும் இடத்திலேயே இருக்கும். ஏற்றத்தில் இழுவை குறையும், அதை யோசித்துக்கொள்ளுங்கள். டீசல்தான் குறி என்றால் 90-க்குப் பதில் 80-இல் ஓட்டுங்கள், காற்றின் எதிர்ப்பு ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது, செலவே இல்லை.

ஷாஃப்ட் வெட்டினால் பேலன்ஸ் செய்த ரசீது கேளுங்கள். எனக்குத் தரவில்லை.

ஏற்கெனவே மாட்டியவர்கள், உங்கள் ஹேண்ட் பிரேக் டிரம் ஓவர்டிரைவுக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று இன்றைக்கே படுத்துப் பாருங்கள். முன்னால் இருந்தால், யூனிட்டுக்கு நியூட்ரல் நிலை உண்டா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தெரியும்வரை சக்கரத்துக்குக் கட்டை போடாமல் வண்டியை விட்டு இறங்காதீர்கள், பிள்ளைகளை உள்ளே வைத்துவிட்டு இறங்கவே இறங்காதீர்கள்.